ஏழாவது படி

ஆபீஸில் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘எலிப்பொறி’. பெயரைக் கேட்டு என்னைப் பொல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். என் வேலை அப்படி.

நாட்டிலுள்ள எந்தப் பிள்ளையும் எந்த நேரமும் இலவசமாகத் திறந்து படிக்கலாம் என்று ஆரம்பித்த மின்னூலகம் எங்களுடையது. பதினோரு மொழிகள். ஒன்றாம் வகுப்புப் பாட்டிலிருந்து பாலிடெக்னிக் பாடம்வரை உண்டு. எந்தப் பாடமானாலும் வெளியே போவதற்கு முன் மூன்று சரிபார்ப்பாளர்கள் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பாடம் படித்தால் மனுஷன் என்ன ஆவான்? கண் ஓடும், மூளை தூங்கும். தூங்குகிறவர்களைப் பிடிக்கத்தான் நான்.

வாரத்துக்கு ஒரு பாடம் எழுதுவேன். பார்க்க அசல் பாடம் மாதிரியே இருக்கும். உள்ளே பத்துத் தப்புகளை ஒளித்துவைப்பேன். கூட்டத்தோடு கூட்டமாக அதைச் சரிபார்ப்பாளர்களின் வரிசையில் நுழைத்துவிட்டு, எத்தனை தப்பைப் பிடித்தார்கள் என்று எண்ணி மார்க் போடுவேன். அதற்குப் பெயர் பொறிப்பாடம்.

முன்பெல்லாம் எண்ணி முடித்ததும் பொறிப்பாடத்தை அழித்துவிடுவோம். போன வருஷம் எங்கள் இயக்குநர் ஒரு யோசனை சொன்னார்.

“ஏம்மா, பத்துத் தப்பையும் திருத்தியாச்சுன்னா அது நல்ல பாடம்தானே? எதுக்கு வீணாக்கணும்? வெளியிட்டுடலாமே?”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மூன்று பேருமாகச் சேர்ந்து பத்துக்குப் பத்து பிடித்தால் வெளியீடு. ஒன்று குறைந்தாலும் குப்பைக்கூடை. அதுதான் சட்டம். எண்ணுவது நான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது இதை வைத்தே மாமா என்னை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா புருஷன் பெயின்டர். வீடு, கடைப் பலகை, பள்ளிக்கூடம் என்று எந்தச் சுவரையும் விடமாட்டார்.

“ஊர்ல மத்தவங்க தப்புப் பண்ணா வேலை போகும். உனக்குத் தப்புப் பண்ணலைன்னாதான் வேலை போகும். நல்ல உத்தியோகம் தாயி!”

“அதுக்கும் மூளை வேணும் மாமா. சும்மா சுண்ணாம்பு அடிக்கிற வேலை இல்ல.”

“பாத்தியா, உன் தங்கச்சிக்கு வாய!” என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தலையில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்டைச் சுரண்டினார்.

அக்காவின் மூத்த பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் அவளுக்குப் பெயரே ‘பெரியவ’தான். மாமாவின் பழைய போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சித்தி, உங்க நூலகத்துப் பாடம் எதையும் இதுல இறக்கி வைக்கவே முடியல. இடம் இல்லைங்குது. ஒவ்வொரு தடவையும் நெட்லதான் தொறக்க வேண்டியிருக்கு.”

“இடம் எப்படி இருக்கும்?” என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. “அடிச்ச சுவத்தையெல்லாம் படம் புடிச்சு வச்சிருக்காரு உங்கப்பா. பொண்டாட்டி படம் ஒண்ணு இருக்கா கேளு. சுவரு, சுவரு, சுவரு!”

“நீயும் சுவரு மாதிரி ஒரு இடத்துல பேசாம நில்லு, எடுக்கறேன்.”

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது சின்னவன் என் மடியில் உட்கார்ந்து என் அடையாள அட்டையின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்று வயது. உருண்டை என்று கூப்பிடுவோம். உலகத்தில் எந்தப் பொருளையும் வாயில் வைத்து ருசி பார்த்த பிறகுதான் அது விளையாட்டுச் சாமானா இல்லையா என்று முடிவு செய்வான்.

அதற்கு இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால். மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

“நான்தான்டி அக்கா. கடை போன்லேருந்து பேசறேன். பயப்படாத.”

பயப்படாதே என்று ஆரம்பித்த எந்தப் போனும் நல்ல சேதி சொன்னதில்லை. டப்பாவை மூடினேன். அக்கா ஒரு பல்பொருள் கடையில் பில் போடுகிறாள். வேலை நேரத்தில் செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

“உருண்டை தின்னரைக் குடிச்சிட்டான்டி. பெயின்ட் கரைக்கிற தின்னரு. உங்க மாமா மிச்சத்த ஜூஸ் பாட்டில்ல ஊத்தி அலமாரிக்கு அடியில வச்சிருக்காரு. ஒரு வாய்தான் போயிருக்கும், மீதி மூஞ்சியெல்லாம் கொட்டிக்கிட்டான்னு பெரியவ கடைக்குப் போன் பண்ணா. பரீட்சை லீவுல அவதான் அவனப் பாத்துக்கறா. நான் கெளம்பிட்டேன். பஸ்ஸு கெடச்சா அரை மணி நேரம்.”

“முழிச்சிருக்கானா? பேசறானா?”

“அழறானாம். கண்ணு எரியுதுன்னு கத்தறானாம். பெரியவ கெட்டிக்காரிடி, பதறவே இல்ல. உங்க நூலகத்துப் பாடத்தத் தொறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா செஞ்சுக்கிட்டிருக்கா. அதான், நீ எழுதினதுன்னு காட்டினியே, பத்துப் படி. கண்ணக் கழுவிட்டிருக்கா. அப்புறம் உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கணுமாமே? அதையும் அவளே பண்ணிடுவேங்கறா. நீ அங்க கவலப்படாத, நான்…”

“அக்கா! என்ன சொன்னே? உப்புத் தண்ணியா?”

“ஆமாடி, ஏழாவதோ என்னமோ. கடை வாசல்லயே பஸ்ஸு வந்துடுச்சு, வெக்கறேன்.”

வைத்துவிட்டாள்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது. அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அதை எழுதியவள் நான். அது தப்பு என்று தெரிந்தேதான் எழுதினேன். ‘வீட்டில் விஷம்: பத்துப் படிகள்’ என்ற பொறிப்பாடத்தில் ஏழாவது படிக்குள் நான் ஒளித்துவைத்த தப்பு அது. தின்னர், மண்ணெண்ணெய் மாதிரியான திரவத்தைக் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைத்தால் உள்ளே போனது திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குடித்ததை விட அதுதான் ஆபத்து. உப்புத் தண்ணீர் கொடுப்பது அதற்கு மேல் ஆபத்து. உண்மையான பாடம், ‘வாந்தி எடுக்க வைக்கவே கூடாது’ என்று இருக்க வேண்டும்.

அப்படித்தானே திருத்தினோம்? பத்துக்குப் பத்து வந்ததே? நான்தானே எண்ணினேன்?

கணினியில் பாடத்தைத் திறந்தேன். முதல் படி, சரி. இரண்டு, மூன்று, நான்கு, சரி. ஏழு.

‘ஏழாவது படி: ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, உடனே வாந்தி எடுக்க வைக்கவும்.’

அப்படியே இருந்தது. நான் எழுதிய வார்த்தைகள், நான் வைத்த காற்புள்ளி. அடுத்த மொழியைத் திறந்தேன். அதற்கடுத்ததைத் திறந்தேன். பதினோரு மொழியிலும் ஏழாவது படியில் ஒரு டம்ளர், இரண்டு கரண்டி.

மாமாவின் பழைய போனுக்கு அடித்தேன். இரண்டு முறை மணி அடித்தது. வெட்டிவிட்டாள். மறுபடி அடித்தேன். மறுபடி வெட்டினாள். ‘வாந்தி எடுக்க வைக்காதே’ என்று செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. படித்ததாகக் காட்டவில்லை. மாமா எங்கோ மூன்றாம் மாடிச் சாரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார், போன் கீழே சட்டைப்பையில் இருக்கும். அக்கா பஸ்ஸில் இருக்கிறாள், அவள் செல்போன் கடைப் பெட்டியிலேயே பூட்டிக் கிடக்கிறது போல, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

“கண்ணாடி!” என்று கத்தினேன்.

எதிர் மேஜைச் சரிபார்ப்பாளர் நிமிர்ந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிமன், அதனால் அந்தப் பெயர்.

“என்னங்க எலிப்பொறி, பேய் அறைஞ்ச மாதிரி…”

“ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க. இதுதான் முகவரி. மூணு வயசுப் பையன், தின்னர் குடிச்சிருக்கான். உடனே!”

எதற்கு, ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல நான் அங்கே இல்லை. மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. பெரியவள் பாடத்தை இறக்கி வைக்கவில்லை, நெட்டில் திறந்து படிக்கிறாள். நான் இங்கே பாடத்தைத் திரும்பப் பெற்றால் அவள் கையிலிருக்கும் திரையில் அது மறைந்துவிடும். ஆனால் திரும்பப் பெற இரண்டு பேரின் கடவுச்சொல் வேண்டும். ஒன்று என்னுடையது. இன்னொன்று இயக்குநருடையது.

அவர் மேல்மாடிக் கூடத்தில் இருந்தார். வெளியூரிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்திருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் எந்தப் பாடத்தை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

“சார், ஒரு பாடத்தத் திரும்பப் பெறணும். இப்பவே.”

“கூட்டம் நடக்குதும்மா. சாயங்காலம் பாக்கலாம்.”

“சாயங்காலம் வரைக்கும் பையன் இருக்க மாட்டான் சார்!”

திரையைப் பார்த்தேன். கணக்கு ஓடிக்கொண்டிருந்த பட்டியலின் நடுவில் இருந்தது. ‘வீட்டில் விஷம்: பத்துப் படிகள். இப்போது படிப்பவர்கள்: 61.’

“அதோ அந்தப் பாடம் சார். ஏழாவது படி தப்பு. நான் வச்ச பொறி, பிடிபடாம வெளிய போயிடுச்சு. அந்த அறுபத்தொண்ணுல ஒருத்தி என் அக்கா பொண்ணு. பாடத்தப் பாத்து என் அக்கா பையனுக்கு உப்புத் தண்ணி குடுக்கப் போறா.”

இயக்குநரின் முகத்தில் ரத்தமே இல்லை. நல்ல மனுஷன். வாதாடவில்லை. விருந்தினர்களை அப்படியே விட்டுவிட்டு மேஜைக் கணினிமுன் உட்கார்ந்தார். நான் என் கடவுச்சொல்லை அடித்தேன். அவர் விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் அந்தரத்தில் நின்றது.

“என்ன சார்?”

“மறந்து போச்சும்மா.”

“சார்!”

“போன வாரம்தான் மாத்தச் சொன்னாங்க. என் ரூம்ல கீபோர்டுக்கு அடியில சீட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

கடவுச்சொல்லை எங்கேயும் எழுதி வைக்கக்கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தவர் அவர். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. தாழ்வாரத்தின் மறுகோடிக்கு ஓடினேன். கீபோர்டைக் கவிழ்த்தேன். சீட்டு இல்லை. கணினி மவுஸுக்கு விரித்திருந்த அட்டைக்கு அடியில் இருந்தது. திரும்பி ஓடிவந்தபோது என் செருப்பு ஒன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வந்தது. காரணம் எழுதாவிட்டால் இயந்திரம் ஏற்காது. நான் குறுக்கே கையை நீட்டி ‘என் தப்பு’ என்று அடித்துப் பொத்தானை அழுத்தினேன்.

சுவரில் அறுபத்தொன்று பூஜ்யமானது.

கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போயிற்று. இன்னும் அரை நிமிடம். அடித்தது.

“சித்தி!” பெரியவளின் குரல் உடைந்திருந்தது. பின்னால் உருண்டை அலறிக்கொண்டிருந்தான். “சித்தி, உங்க பாடம் காணாமப் போயிடுச்சு! ‘திரும்பப் பெறப்பட்டது’ன்னு வருது. நான் உப்பக் கரைச்சு வச்சிட்டேன், மொத்தமா குடுக்கணுமா கொஞ்சங் கொஞ்சமா குடுக்கணுமான்னு பாக்கறதுக்குள்ள…”

“குடுத்துட்டியா?”

“இல்ல. டம்ளர் கையில இருக்கு.”

“கீழ ஊத்து.”

“என்ன சித்தி?”

“கீழ ஊத்துடி! தரையில! இப்பவே!”

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. விருந்தினர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன்.

“ஒண்ணும் குடுக்காத. வாந்தி எடுக்க வைக்காத. உக்கார வச்சுப் புடிச்சுக்கோ. ஜன்னலத் தொறந்து வை. ஆம்புலன்ஸ் வருது, அந்த ஜூஸ் பாட்டில மறக்காம டாக்டர்கிட்ட குடு. ஏன்டி என் போன வெட்டினே?”

“கண்ணக் கழுவிட்டிருந்தேன் சித்தி. போன் சோப்புத் தட்டு மேல இருந்துச்சு. போன் வந்தா பாடமும் மறையுது, மணியும் மறையுது. இருபது நிமிஷம் கழுவணும்னு போட்டிருந்துச்சு, மணி பாக்கணும்ல? அதான் முழங்கையால வெட்டிவிட்டேன். மெசேஜும் வந்துச்சு, தள்ளிவிட்டுட்டேன். கோபமா?”

“இல்லடி. என் தங்கம், இல்ல.”

சைரன் சத்தம் போனிலேயே கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். கண்ணாடியும் கூடவே ஏறிக்கொண்டார். கையில் டேப்லெட். பொறிப்பாடத்தின் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் கேட்காமலே.

“எனக்கும் தெரியணுங்க. அந்தப் பாடத்தப் பாத்த மூணு பேர்ல நானும் ஒருத்தன்.”

“பத்துத் திருத்தம் வந்துச்சு. நான் எண்ணினேன்.”

“பத்துத்தான் இருக்கு. நீங்க வச்ச பட்டியல உங்க போன்ல படிங்க, நான் திருத்தினதப் படிக்கறேன். ஒண்ணொண்ணா.”

“முதல் படி. பாட்டிலத் தூக்கி எறிஞ்சிடணும்னு எழுதியிருந்தேன்.”

“எடுத்து வச்சு டாக்டர்கிட்ட காட்டணும்னு மாத்தியிருக்கு.”

“ரெண்டு. கையால வாயத் தோண்டணும்.”

“துணியால தொடைக்கணும்னு மாத்தியாச்சு.”

“மூணு. கண்ணுல பட்டா அழுத்தித் தேய்க்கணும்.”

“ஓடற தண்ணில கழுவணும்னு மாத்தினேன். அதே மூணாவது படியில இன்னொண்ணும் இருந்துச்சே. ரெண்டு நிமிஷம் கழுவணும்னு போட்டிருந்தீங்க, இருபதுன்னு மாத்தினேன். நல்ல பொறிங்க அது. மத்த ரெண்டு பேரும் கோட்ட விட்டாங்க.”

ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. என் பட்டியலைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

“இருபது என் பட்டியல்ல இல்ல.”

“இல்லையா? அப்புறம் ரெண்டு நிமிஷம்னு ஏன் எழுதினீங்க?”

“இருபதுன்னுதான் நெனச்சேன். ரெண்டுன்னு எழுதியிருக்கேன். அது நான் வச்ச தப்பு இல்லைங்க. அது என் தப்பு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதில்லாமல் அவருக்கு எதிரில் இருப்பதே தெரியாது. வெறுமனே வெளியே பார்த்தார்.

இப்போது எனக்கு எல்லாம் புரிந்தது. நான் ஒளித்தவை பத்து. அவர்கள் பிடித்தவற்றில் ஒன்பதுதான் அவை. பத்தாவது, எனக்கே தெரியாமல் நான் விட்ட பிழை. ஊரிலே பலரும் வாந்தி எடுக்கவைப்பதுதான் வைத்தியம் என்று நம்புவதால் ஏழாவது படி யார் கண்ணிலும் உறுத்தவில்லை. எண்ணிக்கை பொருந்திவிட்டது. பத்துக்குப் பத்து. எது எதற்குப் பொருந்துகிறது என்று நான் ஒப்பிட்டே பார்க்கவில்லை. மற்றவர்கள் தூங்குகிறார்களா என்று பார்க்க வைத்த ஆள் நான்.

“இன்னொண்ணு இருக்கு,” என்றார் கண்ணாடி மெதுவாக. “சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“மொழிபெயர்க்கறவங்கள்ல ஒருத்தங்க குறிப்பு அனுப்பியிருக்காங்க. ‘ஏழாவது படியை ஒருமுறை மருத்துவரிடம் கேட்கவும்’னு. பதில் போட்டது நீங்க.”

“என்ன போட்டேன்?”

“‘பத்துக்குப் பத்து. மேலே போகலாம்.’”

டேப்லெட்டை வாங்கி நானே படித்துப் பார்த்தேன்.

சற்று நேரம் கழித்து ஒன்று தோன்றியது. அந்த இருபது. அவர் திருத்தாமல் விட்டிருந்தால் பாடமே வெளியே போயிருக்காது. திருத்தினதால் வெளியே போனது. ஆனால் இரண்டு நிமிடம் என்றே இருந்திருந்தால் பெரியவள் இரண்டே நிமிடத்தில் கண்ணைக் கழுவி முடித்து, அக்கா பஸ் ஏறுவதற்கு முன்பே ஏழாவது படிக்குப் போயிருப்பாள். கண்ணாடியிடம் அதைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் உருண்டையைக் கட்டிலில் உட்காரவைத்திருந்தார்கள். கண் இரண்டும் தக்காளி. மார்பில் ஏதோ ஒட்டியிருந்தது, அதன் ஒயரை வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்திருந்தார். “நுரையீரல் சுத்தமா இருக்கு. நாளைக்கு வரைக்கும் கண்காணிப்புல வச்சிருப்போம். வாந்தி எடுக்க வச்சிருந்தா இந்தப் படம் வேற மாதிரி இருந்திருக்கும். யாரு சொல்லி நிறுத்தினீங்க?”

“எங்க சித்தி,” என்றாள் பெரியவள் பெருமையாக.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதற முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். சாரத்திலிருந்து இறங்கி அப்படியே ஓடி வந்திருக்கிறார். உடம்பெல்லாம் மஞ்சள் பெயின்ட். வந்த வேகத்தில் தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஜூஸ் பாட்டில்ல ஊத்தினேனே, பாவி! எம் புள்ளைய நானே…”

“விடுங்க மாமா. அது பாதிதான்.”

“பாதி என்ன பாதி?”

சொன்னேன். பொறியில் ஆரம்பித்துப் பதில் குறிப்புவரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் கை என் கையிலிருந்து மெல்லக் கழன்றது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீ எழுதினதுன்னுதான்டி கண்ண மூடிக்கிட்டு செய்யச் சொன்னேன்,” என்றாள்.

இயக்குநரிடமிருந்து போன். பாடத்தை இறக்கி வைத்திருக்கிறவர்கள் நாற்பத்து மூவாயிரம் பேர். எல்லோருக்கும் அவருடைய கையெழுத்தோடு எச்சரிக்கை போய்க்கொண்டிருக்கிறது, பதினோரு மொழியிலும். தப்பு எங்களுடையது என்று வெளிப்படையாகவே எழுதச் சொல்லியிருக்கிறார். “நாற்பத்து மூவாயிரத்தையும் பிடிச்சிடலாம்மா. போன்ல இருக்கறது எங்க போயிடும்?” என்றார்.

போனை வைத்தபோது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை நின்றிருந்தது. முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

“எலிப்பொறி,” என்றார். “அந்தப் பாடத்துக்கு மேல ஒரு மஞ்சள் பாட்டில் படம் போட்டிருக்குமா? செவப்புக் கோடு குறுக்க?”

“ஆமா. ஏன்?”

பெரியவளிடமிருந்து பழைய போனை வாங்கினார். விரலால் தள்ளித் தள்ளிப் படங்களைத் தேடினார். சுவர், சுவர், சுவர். ஒரு படத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார்.

ஒரு பள்ளிக்கூடச் சுவர். ஆள் உயரத்துக்கு மஞ்சள் பாட்டில். கீழே அழகான கொட்டை எழுத்தில் பத்து வரிகள். ஏழாவது வரிசையில் ஒரு டம்ளரும் இரண்டு கரண்டியும் வரைந்துகூட இருந்தது. அடியில் எங்கள் நூலகத்தின் முத்திரை.

“நீ எழுதின பாடம்னு உங்கக்கா சொன்னா. தலைமையாசிரியருங்க சுவத்துல என்ன எழுதலாம்னு கேட்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது ஒண்ணு இருக்கு, அத எழுதறேன்னு நான்தான் சொன்னேன். டம்ளரு படம் என் யோசனை. சின்னப் புள்ளைங்களுக்குப் புரியட்டும்னு.”

“எத்தனை பள்ளிக்கூடம் மாமா?”

அடுத்த படத்துக்குத் தள்ளினார். அடுத்தது. அடுத்தது.

“ஆறு.”

நான்கு மணிக்கு முதல் பள்ளிக்கூடத்தின் வாசலில் இருந்தோம். மாமா, நான், ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட். பள்ளி விடும் நேரம். சுவருக்கு முன்னால் ஒரு வரிசைப் பிள்ளைகள் வண்டிக்காகக் காத்து நின்றன. காத்திருக்கும்போது சும்மா இருக்கக்கூடாது என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள். சுவரைப் பார்த்து ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தன. பார்க்கக்கூட இல்லை, பாதிப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லின.

“ஏழாவது படி! ஒரு டம்ளர் தண்ணீரில்! இரண்டு கரண்டி உப்பை!”

மாமா வாளியைக் கீழே வைத்தார். பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தன. டம்ளரின்மேல் முதல் கோட்டை இழுத்தேன். பெயின்ட் வழிந்தது. கரண்டி போயிற்று, உப்பு போயிற்று.

“அக்கா, ஏன் அழிக்கிறீங்க?” என்றாள் ஒரு குட்டிப் பெண். “எங்களுக்கு நாளைக்கு அதான் கேள்வி.”

“தப்பு கண்ணு. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“சுவத்துலயா?” என்றாள் அவள், நம்பவே முடியாமல்.

வெள்ளை காய்ந்ததும் மாமா கறுப்புப் பெயின்டில் மெல்லிய பிரஷ்ஷைத் தோய்த்தார். “சொல்லு. என்ன எழுதணும்?”

“ஏழாவது படி. வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. குடிக்க எதுவும் கொடுக்கவும் கூடாது.”

அவர் பிரஷ்ஷைச் சுவருக்கு அருகே கொண்டுபோனார். ஒரு விரல் தூரத்தில் நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கேலி இல்லை.

“யாரு பாத்தா?”

“என்ன மாமா?”

“நீ சொல்றே. சரி. வேற யாரு பாத்தா?”

நான் போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த டாக்டரம்மாவின் நம்பரைத் தேடினேன். மாமா பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தார். சுவரெதிரில் பிள்ளைகளும்.